அலுமாரிக்குள் ஒரு ற

இன்று மத்தியானம் பிள்ளையின் சட்டை தேடி அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அந்த மணம் கலியாணச் சேலையை நினைவூட்டும். எனக்கு உன்னைத்தான். சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வாயை வைத்து, "தொடங்கட்டோடி?" என்று நீ கேட்பது போலவே இருந்தது. சட்டையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

பிள்ளை இப்போது நித்திரை. எழும்புமுன் எழுதி முடிக்க வேண்டும். நீ போன கையோடு எல்லாரும் உன்னைப் பற்றி எழுதினார்கள். கம்பஸ் ஆக்கள் படம் போட்டு, பூப் போட்டு, இரண்டு வரி எழுதினார்கள். நான் மட்டும் எழுதவில்லை. எழுதினால் நீ போய்விட்டாய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன். இவ்வளவு பிந்தி என்னை எழுத வைத்தது கோபம். அதையும் உன்னிடம்தானே சொல்ல வேண்டும்.

கம்பஸ் முடித்து, வேலை வரும் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்த காலத்தில் தொடங்கியது அது. சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சிலேயே கதை சொல்லிப் பதிவு செய்வோம் என்றாய். நான் வாசிக்க வேண்டும், நீ கணினியில் வெட்டி ஒட்டுவாய். மயிலிட்டியில் உங்கள் புதுவீட்டு அறைதான் எங்களுடைய ஒலிப்பதிவுக்கூடம். அலுமாரியின் இரண்டு கதவையும் அகலத் திறந்து, மேலே தடித்த போர்வையைக் கூரை போல விரித்து, உன் அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் மைக்கைக் கட்டித் தொங்கவிடுவாய். சேலை எதிரொலியைக் குடித்துவிடும் என்பது உன் கண்டுபிடிப்பு. ஹெட்போன் ஒன்றுதான். ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு. வியர்த்து வழிய வெளியே வருகிற எங்களைப் பார்த்து உன் அம்மா கேட்பார்:

"என்ன பிள்ளையள், அலுமாரிக்கை ஆவி பிடிச்சனீங்களோ?"

எவ்வளவு மூடினாலும் கடல் உள்ளே வந்துவிடும். படகு எஞ்சின் வரும், காகம் வரும். "உந்தச் சத்தத்தை எடுத்துவிடேலாதோ?" என்று நான் பதறுவேன். "சும்மா இரடி விசரி. வாற சத்தம் வரட்டும். வராத சத்தத்தை நான் எங்கை போய்த் தேடுறது?" என்பாய்.

ஒரு நாள் திரையில் என் குரலின் அலையைப் பெரிதாக்கிக் காட்டினாய். "இஞ்சை பார். இது நீ 'கரை' எண்டு சொன்னது. வழுக்கிக்கொண்டு போகுது. இது 'கறி'. பாத்தியோ, மீன் முள்ளு மாதிரி நிக்குது!" உண்மைதான். ற வருகிற இடத்தில் அலை சின்னச் சின்ன முள்ளாக எழும்பி நின்றது. பள்ளிக்கூடத்தில் அதை வல்லினம் என்று படித்ததோடு சரி. அதற்கு ஒரு உருவம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு இரண்டு பேரும் மாறி மாறி "அறை, கறி, எறி" என்று மைக்குக்குள் கத்தி, ஆருடைய முள் பெரிது என்று பார்த்தோம். உன்னுடையதுதான். "நாங்கள் கடற்கரை ஆக்கள். காத்துக்குள்ளை நிண்டு கூப்பிட்டுப் பழகின தொண்டை" என்று சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டாய். நீ போட்டிருந்த சட்டைக்குக் கொலரே இல்லை.

கடைசியாகப் பதிவு செய்தது கணவாய் மீன் கதை. நான் கலியாணம் முடித்து நல்லூருக்கு வந்து, வயிற்றில் பிள்ளையோடு பஸ் ஏறவும் பயந்துகொண்டிருந்த நேரம். நீயே மைக்கையும் மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, இந்த அலுமாரியைக் கூடமாக்கினாய். "இஞ்சை சைக்கிள் மணியும் ரியூசன் பிள்ளையளின்ரை சத்தமும்தானே கேக்கும். கணவாய் என்ன கணக்குப் படிக்கவோ வந்தது?" என்று சொல்லி, மயிலிட்டித் துறைமுகத்தில் போனில் பிடித்து வந்த கடல் சத்தத்தை மைக்குக்குப் பக்கத்தில் ஓடவிட்டாய். பையில் கடல் கொண்டு திரிந்தவள் நீ ஒருத்திதான்.

பயந்தால் மை கக்கும் குட்டிக் கணவாய், மை தீர்ந்துபோகிற நாளில் என்ன செய்யும் என்பதுதான் கதை. குட்டிக்கு என் குரல். தாய்க் கணவாய்க்கு உன் குரல். "கெதியா ஓடு மகனே! நிண்டால் கறி!" என்று நீ கத்த, நான் சிரித்து, திரும்பத் திரும்பப் பதிந்தோம். மற்றக் கதைகளில் எல்லாம் நீ வெட்டுகிற கையாக மட்டும் இருக்கிறாய். இந்த ஒன்றில்தான் உன் குரல் இருக்கிறது. வெட்டும் வேலையைப் பேந்து பார்ப்போம் என்று போனாய். அதற்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஆசுப்பத்திரி என்றார்கள். பிறகு உன் அம்மா அந்த மடிக்கணினியை என்னிடம் தந்துவிட்டார்.

இவ்வளவு நாளும் அதைத் திறக்காமல்தான் வைத்திருந்தேன். திறக்க வைத்தது என் மகள். மூன்று வயதாகப் போகிறது, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. வருகிற சில சொல்லும் போனில் பார்க்கிற பொம்மைப் படங்களில் இருந்து வருகிறது. "தண்ணி வேணுமோ அம்மா?" என்று கேட்டால் "யெஸ்" என்கிறாள். கிளினிக்கில் தாதி மிஸ்ஸி சொன்னார்: "போனைக் குடுத்திட்டு இருக்காதேங்கோ. பிள்ளையோடை நல்லாக் கதையுங்கோ." அன்றிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள் கல். நித்திரையில் அவள் மூச்சு விடுகிறாளா என்று கை வைத்துப் பார்க்கிறவள் நான், தெரியும்தானே. பேச்சு வராவிட்டால் என்ற பயத்தை எங்கே வைப்பது? கணவாய்க் கதையை முடித்து அவளுக்குப் போட்டுக் காட்டுவோம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருந்து ஒரு அண்ணை தொடர்புகொண்டார். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் செயலி ஒன்றை ஒரு குழுவாகச் செய்கிறார்கள். நாங்கள் இன்ரநெற்றில் போட்ட பழைய கதை ஒன்றைக் கேட்டிருக்கிறார். நான் சொல்ல, கணவாய்க் கதையையும் எடுக்கலாம், எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள் என்றார். உன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று நினைத்து உடனே ஓம் என்றேன். ஒரு நிபந்தனை: அவர்கள் சொல்லும் மென்பொருளில் போட்டுத் துப்புரவாக்கி அனுப்ப வேண்டும். "இப்ப ஒருத்தரும் கையாலை வெட்டுறேல்லைத் தங்கச்சி. எல்லாம் அதுவே செய்யும்."

எந்த மென்பொருள் நல்லது என்று நானும் தேடினேன். காணொளி காணொளியாகப் பார்த்தேன். எல்லாரும் நேரம் மிச்சம், நேரம் மிச்சம் என்றுதான் சொல்கிறார்கள். நீ சொன்னது வேறு. "கறண்ட் போனாலும் இன்ரநெற் போனாலும் வேலை செய்யவேணும். நான் கேக்காத ஒண்டையும் தன்ரை எண்ணத்துக்குச் செய்யக்கூடாது. வெட்டினதைத் திருப்பி ஒட்ட விடவேணும். மிச்சமெல்லாம் பூச்சுவேலை." அது நினைவிருந்தும் அந்த அண்ணை சொன்னதைத்தான் முதலில் பரீட்சித்தேன். ஒரே பொத்தான். அமத்தினேன். சைக்கிள் மணி போயிற்று. ஃபான் சத்தம் போயிற்று. கண்ணாடி மாதிரி இருந்தது குரல். வடிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்த நேரம் தாய்க் கணவாய் கத்தியது: "நிண்டால் கரி!"

தேத்தண்ணியோடு அந்தப் பக்கம் வந்த என் இவர் நின்றுவிட்டார். "என்னப்பா, கணவாயைக் கருக்கிப்போட்டீரோ?"

நானும் சிரித்தேன். பிறகு மறுபடி கேட்டேன். "கல்லை எறியாதை" என்று நீ சொன்னது "கல்லை எரியாதை" ஆகியிருந்தது. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள் ஒன்றும் இல்லை. வழித்துவிட்ட மாதிரி இருந்தது. ற என்ற எழுத்தை அது மைக்கில் விழுந்த கீறல் என்று நினைத்துத் திருத்தியிருக்கிறது! உன் முள் பெரிது என்றபடியால் உன்னைத்தான் கூடுதலாகத் திருத்தியிருந்தது. நீ கொண்டுவந்த கடலையும் இரைச்சல் என்று துடைத்துவிட்டது. கதை முடிந்தபிறகு இருந்த சின்னத் துண்டைச் சாம்பல் நிறமாக்கி, "தேவையற்ற பேச்சு" என்று எழுதி நீக்கியிருந்தது. அந்தத் துண்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

திருத்தும் அளவைக் குறைத்தேன், கூட்டினேன். குறைத்தால் கீறலும் நிற்கும், முள்ளும் நிற்கும். கூட்டினால் இரண்டும் போகும். அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

கதையை ஒன்றும் செய்யாமல் அப்படியே அந்த அண்ணைக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தங்கச்சி, கதை நல்லம். ஆனா இடைக்கிடை கிர் கிர் எண்டு ஒரு சத்தம் வருது. அந்த மற்றப் பிள்ளையின்ரை குரலிலை கூடுதலா. மைக் பழுதோ?"

"அது மைக் இல்லை அண்ணை. அது ற."

"எந்த ற?"

"கறியிலை இருக்கிற ற. நீங்கள் எந்த ஊர் அண்ணை?"

"வட்டுக்கோட்டை. சின்னனிலையே வெளிக்கிட்டாச்சு. ஏன்?"

"ஒருக்கா 'வாறன், போறன்' எண்டு சொல்லுங்கோ."

"வாறன், போறன்." மெல்ல இன்னொருக்கால் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அட, எனக்கும் கிர் எண்டுதே!"

"உங்களையும் அந்த மென்பொருளுக்கை போட்டால் திருத்திப்போடும் அண்ணை."

சிரித்தார். நல்ல மனிசன்தான். ஆனாலும் குழுவில் விதி விதிதானாம், எல்லாக் கதையும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டுமாம். "உந்த ஒரு எழுத்துக்காகப் பிள்ளையளுக்குப் போற கதையை மறிக்கிறீரோ தங்கச்சி?" என்றார்.

உனக்குத் தெரியும், நான் ஆருக்கும் மறுத்துக் கதைக்காதவள். "பயந்தாங்கொள்ளி, உனக்கும் அந்தக் குட்டிக் கணவாய்க்கும் ஒரே குணமடி" என்பாய். அன்றைக்கு என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது.

"எடுத்தால் முள்ளோடை எடுங்கோ அண்ணை. இல்லாட்டி விடுங்கோ. அவளின்ரை வாயைத் திருத்த நான் ஆர்?"

குழுவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை.

இவர் கேட்டார்: "உண்மையா விடப்போறீரோ?"

"ஓம்."

"பிறகு அழக்கூடாது."

"அழுதால் அழுவன். அதுக்கும் ஒரு மென்பொருள் வைச்சிருக்கிறியளோ?"

உன் மடிக்கணினியில் இருக்கும் அந்தப் பழைய இலவச மென்பொருளைத்தான் எடுத்தேன். அரசாங்கத்தின் சீரிபி பஸ்ஸின் முன்பக்கம் மாதிரி இருக்கிறது, நிறையப் பொத்தான், வடிவில்லை. ஆனால் சொன்னதை மட்டும் செய்கிறது. கறண்ட் நின்றாலும் பற்றறியில் கிடந்து வேலை செய்கிறது. பிள்ளை நித்திரையாகும் மத்தியானங்களில் இருந்து, கையாலேயே வெட்டினேன். சைக்கிள் மணியை எடுத்தேன். நான் இருமியதை எடுத்தேன். கடலை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் முன் நீ இழுக்கும் மூச்சு இருக்கிறதே, அதில் ஒன்றையும் தொடவில்லை. "மூச்சை வெட்டாதை. மூச்சு விடாமல் கதை சொல்லுறது பேய்தான்" என்று சொன்னவள் நீ. பேயாக உன்னை ஆரும் கேட்க நான் விடமாட்டேன். நீ மூச்சு விட்டுத்தான் கதை சொல்கிறாய்.

முடித்த கதையைக் கிளினிக்கில் பழக்கமான தாய்மாருக்கு அனுப்பினேன். அவர்களும் என்னைப் போலத்தான், பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள். அவர்கள் வேறு தாய்மாருக்கு அனுப்பியிருக்கிறார்கள். செயலி இல்லாமலே உன் கணவாய் நீந்துகிறது.

இனி அந்தச் சாம்பல் நிறத் துண்டு. கதை முடிந்ததும் நீ ஹெட்போனைக் கழற்றுகிற சத்தம். கதிரை இழுபடுகிறது. உன் குரல் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிறது: "முடிஞ்சுதோடி? சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வாறன்." அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் பதிவை நிறுத்தியிருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆரும் போறன் என்று சொல்லார். வாறன் என்றுதான் சொல்வார்கள். மற்றவர் "ஓம், வாங்கோ" என்று விடைகொடுக்க வேண்டும். அன்றைக்கு நானும் சொல்லியிருப்பேன். ஆனால் என் பதில் பதிவில் இல்லை. அந்த மென்பொருள் நீக்கிய துண்டை மீட்டெடுத்துக் கேட்டபோது அதிலும் முள் இல்லை. "வாஅன்" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தக் கோபம் வந்தது.

என் பிரதியில் அந்தத் துண்டு முழுதாக இருக்கிறது. நேற்று மகளை இந்த அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் இருத்தி, கதையைப் போட்டேன். கறி என்ற இடத்தில் "கயி" என்றாள். ற வர இன்னும் காலம் கிடக்கிறது, வரட்டும். கதை முடிந்தது, கதிரை இழுபட்டது, "நான் வாறன்" என்றாய். சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"ஓம். வா."

அவள் யெஸ் என்று சொல்லவில்லை, கேட்டுக்கொள். உன் வாறனை நான் வைத்திருக்கிறேன், ஒரு முள்ளும் குறையாமல்.