முதல் கரண்டிச் சோறு

கோச்சி, ஜப்பான்
6 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி இன்னொருவர் வீட்டில் போய்ப் பிள்ளையாக இருக்க முடியுமா? யோசித்துப் பார்த்தேன், எனக்கு விடை தெரியவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறது: 'வீட்டுத் தாய் சிஸுரு, வயது நாற்பத்தொன்று.' விடுதி இளம் மாணவர்களுக்கு மட்டுமாம். கடற்பாசி ஆராய்ச்சிக்காக ஓராண்டு இங்கே தங்க எனக்கு இந்த வீடு ஒன்றுதான் வழி. ஜூன் பத்தாம் தேதி வரை வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கலாமா கூடாதா என்று சொல்வார்கள்.

சிஸுருவுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. கூட இருப்பவர் மாமனார் எய்கிச்சி. மீன்பிடிப் படகில் காலம் கழித்தவர். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினார்: "சிஸுரு, உன் மக வந்துட்டா! பிரசவம் சுகந்தானே?"

"பல்லோடயே பொறந்திருக்கா மாமா. ஊட்டிவிடற வேலை இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிரிக்கலாமா என்று நான் தீர்மானிப்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. கிண்ணத்தைக் கையில் தூக்கினால் பிச்சைக்காரி என்று அப்பா அதட்டுவாரே? இங்கே மேசையில் வைத்துக் குனிந்து சாப்பிட்டதற்கு, "நாய்தான் இப்படித் திங்கும்" என்றார் எய்கிச்சி. இப்போது தூக்கிக்கொள்கிறேன். அப்பா படத்துக்கு முன்னால் இதைப் படிக்காதே.

காலையில் நான் இறங்கி வருமுன் சோறு தயாராகிவிடுகிறது. எதையும் தொட விடுவதில்லை. விருந்தாளியாகவே இருப்பது களைப்பாக இருக்கிறது. ஆனாலும் வீடு பிடித்திருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன் தங்கை,
கியோங்-ஏ

மொக்போ, தென் கொரியா
13 மே

அன்புத் தங்கை கியோங்-ஏ,

நெத்திலி காயப்போட்டிருக்கிறேன், வானம் இருட்டுகிறது, ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நம்மை அடக்கி ஆண்ட அந்த நாட்டுக்குப் போனாய். அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. "அவங்க சோறு உன் தங்கச்சிக்கு இறங்குதா?" என்று எதிர்க்கடைக்காரி கேட்டாள். "கிண்ணத்தைத் தூக்கினா வேகமா இறங்குதாம்" என்றேன்.

உட்கார்ந்தே தின்றால் எந்த வீட்டிலும் ஒட்ட முடியாது. ஒருநாள் அவர்களுக்கு முன்னால் எழுந்து நீயே சோறாக்கு.

அக்கா,
ஓக்-சுன்

கோச்சி
22 மே

அக்கா,

நீ சொன்னதைச் செய்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கீழே போய்ச் சோறாக்கினேன். பசித்தது, ஒரு கிண்ணம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எய்கிச்சி ஒரு சின்னப் பித்தளைக் குவளையோடு வந்து, பானை மூடியைத் திறந்தார்.

"நீ சாப்பிட்டாச்சா?" என்றார். "அவன் இன்னும் சாப்பிடலையே."

முன்னறையில் இறந்துபோன அவர் மகனின், சிஸுருவின் கணவரின், பூசை மாடம் இருக்கிறது. வெந்த சோற்றில் முதல் கரண்டி தினமும் அவருக்குத்தான். விடியும் முன்பே அது முடிந்துவிடுவதால் நான் பார்த்ததே இல்லை. சிஸுரு தலைவாராமல் ஓடி வந்தாள். என் வாயைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். நான் தொடாத பக்கத்திலிருந்து சோறெடுத்துக் குவளையை நிரப்பிக்கொண்டு போய் மணியடித்தாள். இரவு வரை பேசவில்லை.

இந்த மௌனம் எனக்குப் புதிதல்ல. அவர்கள் சொல்லுமுன் நானே கிளம்புவதுதான் மரியாதை. பாதிப் பெட்டி அடுக்கிவிட்டேன்.

கியோங்-ஏ

மொக்போ
30 மே

பெட்டி கட்டுவதில் பட்டம் வாங்கியவளுக்கு,

அப்பா திவசத்தில் படைப்பதற்கு முன் எவளாவது கைவைத்திருந்தால் அகப்பையாலேயே போட்டிருப்பேன். பிறகு உட்கார வைத்துச் சோறும் போட்டிருப்பேன். துரத்தியிருக்க மாட்டேன்.

யாரும் போ என்று சொல்லுமுன் நீ போய்விடுவாய். உன் புருஷன் வீட்டிலும் அதுதான் நடந்தது. போன மாதம்கூட அவரைச் சந்தையில் பார்த்தேன். "நான் போகச் சொல்லவே இல்லையே" என்று இன்னும் அதையே சொல்கிறார், பாவம்.

கோபமா என்று அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்து கேள். திட்டினால் வாங்கிக்கொள். யோசனை சொன்னவள் நான். என்னையும் சேர்த்துத் திட்டச் சொல்.

ஓக்-சுன்

கோச்சி
7 ஜூன்

அன்புள்ள அக்கா,

இன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த சிஸுருவிடம் கேட்டேன்.

"கோபமா?"

"ஆமா" என்றாள். இந்த ஊரில் யாரும் எனக்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை. "கொஞ்சம் உங்க மேல. மிச்சம் என் மேல. மூணு வருஷத்துல அன்னைக்குத்தான் அசந்து தூங்கிட்டேன். யாரோ சோறாக்குற வாசனையில கண்ணு முழிச்சேன். ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு. அப்படி நல்லா இருந்துச்சே, அதைத்தான் தாங்க முடியல."

உன்னையும் சேர்த்துத் திட்டச் சொன்னாய் என்றேன். "அவங்களுக்கு அப்புறமா தனியா எழுதறேன்" என்றாள். ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நாளைக்கு நீங்களே ஆக்குறீங்களா? முதல் கரண்டி மட்டும் அவருக்கு."

மனதாரச் சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா, தெரியவில்லை. இங்கே 'பார்க்கலாம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.

8 ஜூன்

தண்ணீர் அதிகமாகிவிட்டது. குவளையை நிரப்பி மாடத்தில் வைத்து மணியடித்தேன். அவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் என் பெயரைச் சொன்னேன்.

எய்கிச்சி எட்டிப் பார்த்தார். "இது கஞ்சி. அவனுக்குக் கஞ்சி ஆகாது" என்றார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் மாடிப்படிப் பக்கம் திரும்பியதும் கையை நீட்டித் தடுத்தார். "எழுப்பாத."

வேலைக்கு நேரமாகும் வரை சிஸுரு தூங்கினாள்.

கியோங்-ஏ