சாவி கேட்டால் காட்ட வேண்டியது

மல்லசமுத்திரம்
12.7.1984

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குடியை விட்டு, இன்றோடு நாற்பது நாள். நான் ஊருக்குக் கிளம்பும்போது, பெண்சாதி என்பதால் டாக்டர் என்னிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடக் குடியில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதாம். அதனால்தான் மறதி, தடுமாற்றம். குடிக்காமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புமாம். முழுக்கத் திரும்புமா என்று அவருக்கே தெரியவில்லை.

உங்கள் தங்கை பாப்பாயியோ, "ரத்தந்தானுங்க கொறச்சல், நங்கையா? வாரம் ரெண்டு நாள் ரத்தப் பொரியல் ஆக்கிப் போட்டாச் செரியாப் போயிருமுங்க" என்கிறாள். சிரிக்கக்கூட அலுப்பாக இருந்தது.

லாரிச் சாவியைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

வசந்தாமணி

சென்னை
20.7.1984

வசந்தாமணிக்கு,

சுகம். இங்கே தினம் பரீட்சைதான். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரை போனேன். பிறகு எதைக் கழிக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், லோடு ஏத்தறவனுக்குக் கழித்தல் எதுக்குங்க?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

இருபது வருடம் ஓட்டியவன் நான். ஸ்டியரிங்கைப் பிடிப்பது கைதான், மூளை இல்லை. ஆயுத பூஜைக்கு வருவேன். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிடு. என் வண்டியை நீ டிரைவராக வைத்திருக்கும் சின்னண்ணன் ஓட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கசாமி

மல்லசமுத்திரம்
29.7.1984

மாமா,

இதை எழுதக் கை வரவில்லை. போன தை மாதம், பக்கத்திலிருக்கும் சங்ககிரியில் வண்டியை நிறுத்தி, மல்லசமுத்திரத்துக்கு எப்படிப் போவது என்று டீக்கடைக்காரரிடம் கேட்டீர்கள். அன்று நீங்கள் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அதுதான் என் பயம்.

சாவி தரமாட்டேன். கோபமென்றால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள். அது எனக்குப் பழக்கம். ரோட்டில் போகிற யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால், அதற்குப் பழக என்னால் ஆகாது.

வசந்தாமணி

சென்னை
11.8.1984

வசந்தா,

நேற்று வெளியே போய்வர விட்டார்கள். ரோட்டைத் தாண்ட நின்றேன். பஸ் கிட்டே வருகிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று பிடிபடவில்லை. ஒரு பெண் கையைப் பிடித்து, "வாங்க பெரியவரே" என்று கூட்டிப்போனாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

சாவி கொடுக்காதே. இதை எழுதியதை மறந்து மறுபடியும் கேட்பேன். கத்துவேன். அப்போது இந்தக் கடிதத்தைக் காட்டு. என் கையெழுத்தை நம்புவேன்.

தங்கசாமி

மல்லசமுத்திரம்
18.8.1984

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று உங்கள் அடுத்த கடிதம் வந்தது. பூஜைக்குச் சாவியைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

பதினொன்றாம் தேதி நீங்கள் எழுதியதை ஒரு தாளில் பார்த்து எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து என்பதால் நம்பமாட்டீர்கள். ஆனால் அசலைத் தபாலில் போட மனம் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு பொய்யும் இல்லாமல் நீங்கள் எனக்கு எழுதியது அது ஒன்றுதான்.

வந்து பாருங்கள்.

வசந்தாமணி