எனக்குக் கேட்காத டக் டக்

மார்ச் 4, திங்கள்

மச்சினன் இல்லாமல் வண்டிப் பட்டறையைத் திறந்து இன்றோடு ஐந்து நாள். குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு வீட்டில் ராஜா மாதிரி படுத்திருக்கிறான். ஆறு வாரம் கட்டு. தம்பிக்காரனுக்கு என் வீட்டுக்காரி இரண்டு வேளையும் சுடச்சுடச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். எனக்கு நேற்றைய மிச்சம். கேட்டால் முறைக்கிறாள்.

காலையில் பள்ளிக்கூட வேன் வந்தது. பத்தொன்பது வருஷத்துப் பழைய டீசல் வண்டி. ஓட்டுவது ஒரு அம்மா. ஊரே அவரை வேன்காரம்மா என்றுதான் கூப்பிடும். தினம் இரண்டு நடை, பதினாலு பிள்ளைகள்.

"அண்ணே, ஒரு வாரமா டக் டக்னு ஒரு சத்தம். உள்ள யாரோ சுத்தியல வச்சுத் தட்டுற மாதிரியே இருக்கு."

பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். வழக்கமான இரைச்சல்தான். டக்கும் இல்லை, டிக்கும் இல்லை. "பழைய டீசல்னா இப்படித்தாம்மா இருக்கும்" என்று அனுப்பிவிட்டேன்.

சத்தம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் ஒன்றா என்ன?

மார்ச் 6, புதன்

வேன்காரம்மா மறுபடி வந்தார். "பிள்ளைங்களே கேக்குதுங்கண்ணே, உள்ள யாரு தட்டுறான்னு!"

இதைக் கண்டுபிடிக்கிற வழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு சிலிண்டர், டீசலைப் பீய்ச்ச ஆளுக்கொரு இன்ஜெக்டர், அதற்கு டீசல் கொண்டுபோக ஆளுக்கொரு குழாய். எஞ்சினை ஓடவிட்டு ஒரு குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டீசல் போகாது. அதோடு தட்டுகிற சத்தமும் நின்றால், திருடன் அந்த இன்ஜெக்டர்தான்.

முதலாவதைத் தளர்த்தினேன். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. கையெல்லாம் டீசல். பெரிதாக யோசிக்கிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டீசல் பம்ப்பைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். டீசல் தாமதமாகப் போனால் தட்டல் அமுங்கும். கோளாறு அப்படியேதான் இருக்கும், வண்டியின் இழுவையும் குறையும்.

"இப்ப எப்படிம்மா?"

"கம்மியாயிடுச்சுண்ணே. ரொம்ப நன்றிண்ணே."

முப்பது வருஷ வேலையில் ஒரு நன்றி இப்படி உறுத்தியதில்லை.

மார்ச் 8, வெள்ளி

வேன் திரும்பி வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவன், தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, திங்கள்

இதை எழுதிடணும்.

காலையில் பாலத்து ஏற்றத்தில் வேன் இழுக்காமல் நின்றுவிட்டது. உள்ளே பதினாலு பிள்ளைகள். வெள்ளைப் புகை. பின்னால் லாரி. வேன் இரண்டடி பின்னால் நகர்ந்ததாம். ஹேண்ட் பிரேக் பிடித்தது. பிடிக்காமல் போயிருந்தால்? வேண்டாம், அதை எழுதமாட்டேன்.

பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேன்காரம்மா வேனை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது: "என்னண்ணே பண்ணீங்க?"

"எனக்குக் காது சரியாக் கேக்கலம்மா" என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் என் காதருகே வந்து, "எனக்குக் கேக்குதுல்ல? நீங்க நட்டைத் தளத்துங்க, நான் சொல்றேன்" என்றார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

முதலில் டைமிங்கைப் பழையபடி வைத்தேன். தட்டல் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது என்றார். ஒன்று - தலையாட்டினார், இல்லை. இரண்டு - இல்லை. மூன்றாவதைத் தளர்த்தியதும் என் தோளில் ஓங்கி ஒரு அடி. "நின்னுடுச்சு! அண்ணே, நின்னே போச்சு!" சந்தோஷத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ண வெளியே போனார். நான் மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றினேன். கூடவே அடியில் இருக்கும் செம்பு வளைய வாஷரும் வந்தது. குழிக்குள் டார்ச் அடித்தால், அங்கே இன்னொரு வாஷர்.

ஒரு இன்ஜெக்டருக்கு ஒரு வாஷர்தான். கழற்றும்போது பழையது அடியில் ஒட்டிக்கொள்ளும். கம்பிக் கொக்கியை விட்டு எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் இன்ஜெக்டர் மேலே தூக்கி உட்காரும், டீசல் தப்பான இடத்தில் அடிக்கும், கரி படியும், நுனி கெடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். போன வருஷம் இந்த வேன் சர்வீஸில் இதை மாட்டியவன் நான்.

வாஷரை எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் உள்ளே வந்தபோது "நுனி போயிடுச்சும்மா, புதுசு போடணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மார்ச் 12, செவ்வாய்

புது நுனி போட்டாயிற்று. தட்டல் துளியும் இல்லை என்று வேன்காரம்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். வாஷர் இன்னும் என் சட்டைப் பையில்.

சாயங்காலம் மச்சினனைப் பார்க்கப் போனேன். எல்லாம் சொன்னேன். அவன் காது விஷயத்துக்குத் துளி கூட ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"மூணு வருஷமாத் தெரியும் மாமா."

அப்போதுதான் உறைத்தது. எந்த வண்டி வந்தாலும் அவன்தான் முந்திக்கொண்டு "ரெண்டாவது மாமா, இல்ல?" என்பான். நானும் பெரிய மனுஷன் மாதிரி "ஆமாடா, அதேதான்" என்பேன். மூணு வருஷமாக அவன் காதை வைத்து நான் பேர் வாங்கியிருக்கிறேன்!

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா ஸ்பேனரத் தூக்கி அடிப்பீங்க."

அடித்திருப்பேன். அது உண்மை.

வாஷரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது நான் மாட்டுனது மாமா. என் பேரைச் சொல்லிடுங்க. நான் இங்கதானே படுத்திருக்கேன், யாரு வந்து திட்டப் போறாங்க?"

பொய். அந்தச் சர்வீஸ் நடந்த வாரம் அவன் ஊரிலேயே இல்லை. கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு எனக்காகப் பழியைச் சுமக்கிறான். கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தெரியாமல் அவன் தட்டில் இருந்த சாப்பாட்டை எடுத்துத் தின்றேன். சூடாக இருந்தது. படவா.

மார்ச் 13, புதன்

மதியம் பள்ளிக்கூட வாசலில் வேன் நிற்கும் இடத்துக்கே போனேன். வாஷரை வேன்காரம்மா கையில் வைத்தேன். போன வருஷம் நான் செய்த தப்பு, போன வாரம் நான் செய்த தப்பு, நேற்று முன்தினம் நான் மறைத்தது - மூன்றையும் சொன்னேன். வரிசையாகச் சொல்ல முடியவில்லை, உளறினேன்.

அவர் வாஷரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பாலத்துல என் பின்னாடி பதினாலு பிள்ளைங்க இருந்தாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். வேன் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொன்னதில் வருத்தம் இல்லை.

மார்ச் 16, சனி

காது டாக்டர். வீட்டுக்காரியும் கூட வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். மெஷின் பழுது என்று நினைத்தேன்! மெல்லிய கூர்மையான சத்தங்கள் எல்லாம் போய்விட்டனவாம். தட்டல் அந்த ரகம்தான்.

"இவரோட கத்திக் கத்தி என் தொண்டை போச்சு டாக்டர், அதுக்கும் மருந்து குடுங்க" என்றாள் இவள். திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடுத்தெருவில், இத்தனை வருஷத்துக்கப்புறம். நான் கொடுத்து வைத்தவன்.

மார்ச் 25, திங்கள்

காதில் மெஷின். அய்யோ, உலகம் இவ்வளவு சத்தமாகவா இருக்கிறது? காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடியதும் கழற்றி எறியப் பார்த்தேன். பழக்கமாகும் என்றார் டாக்டர்.

வேன் நம் தெரு வழியாகத்தான் போகிறது. நிற்பதில்லை. அடுத்த தெருப் பட்டறையில் விடுகிறார் என்று கேள்வி. கோபித்துக்கொள்ள எனக்கு என்ன வாய் இருக்கிறது? அன்று அவர் காதைக் கொடுக்காவிட்டால் நான் இன்னும் நடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

ஏப்ரல் 10, புதன்

மச்சினன் ஊன்றுகோலோடு வந்துவிட்டான். ஒரு பழைய லாரி வந்தது. நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். "நாலாவது" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவன் என்னைப் பார்த்தான். உடனே இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஏப்ரல் 22, திங்கள்

காலை எட்டுக்கு வாசலில் ஹாரன். வேன்காரம்மா. உள்ளே பிள்ளைகள் அத்தனை பேரும். எஞ்சினை நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை.

"அண்ணே, பாலம் ஏறணும். கேட்டுச் சொல்லுங்க."

பானட்டைத் திறந்தேன். அவர் பின்னால் திரும்பி, "எல்லாரும் வாய மூடுங்க, அண்ணன் கேக்குறாரு" என்று அதட்டினார். பதினாலு பேரும் கப்சிப். நான் குனிந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவசரப்படவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

"நாலும் சுத்தமா இருக்கும்மா. போயிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டி, கியரைப் போட்டுக் கிளம்பினார். வண்டி ஏற்றத்தில் ஏறி முடிக்கிற வரைக்கும் ரோட்டிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.