ஓலையில் வாசித்த தொழில்

இயேசு மரி சூசை துணை

சைதாப்பேட்டை

அன்பு மகன் ஃபிரெட்ரிக்குக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது, ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதச் சொல்கிறார், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்துச் சபைக்கு அறிவித்தார்கள். நீ ஃபாரத்தை இங்கிலீஷில் நிரப்பி அனுப்பினாயே, அதில் அப்பா தொழில் ஃபேப்ரிகேட்டர் என்று போட்டிருந்தாய், புது உபதேசியார் அதைப் போனில் போட்டுத் தமிழாக்கி, 'கதை இட்டுக்கட்டுபவர் இக்னேஷியஸ் அவர்களின் மகன்' என்று மைக்கில் வாசித்துவிட்டார். கோயிலே குலுங்கிச் சிரித்தது, எனக்கும் முக்காட்டுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. முப்பது வருஷமாக இரும்பு கேட்டும் கிரில்லும் செய்கிறவர், அந்தக் கோயில் வாசல் கேட்டே அவர் செய்ததுதான். வீட்டுக்கு வந்து, "நான் இன்னா பொய் சொன்னேன் லூயிசா, ஒரு கேட்டாவது கோணலா கீதா?" என்று கேட்டார், பாவமாக இருந்தது. அந்த ஒரே வார்த்தைக்கு இரும்பை இணைப்பவர், பொய்யை ஜோடிப்பவர் என்று இரண்டு அர்த்தமும் உண்டு என்று உன் தங்கை சோஃபியா விளக்கினாள். அப்படியானால் வெல்டர் என்று போடலாமே என்றேன், அதைத் தமிழில் பற்றவைக்கிறவர் என்று வாசித்தால் ஊரில் சண்டை மூட்டுகிறவன் என்று ஆகிவிடும், வேண்டவே வேண்டாம் என்றார் அப்பா. கடைசியில் 'இரும்பு கேட் செய்யும் இக்னேஷியஸ்' என்று அடுத்த ஓலையில் வாசிக்க உபதேசியார் ஒத்துக்கொண்டார்.

ஆனால் கண்ணு, உபதேசியார் வாசித்தது முழுக்கத் தப்பில்லை. கண் டாக்டர் சொன்னபடி வெல்டிங்கைத் தொடுவதே இல்லை என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னாரே, அது இட்டுக்கட்டியதுதான். தினமும் பட்டறைக்குப் போய் உனக்கும் மருமகளுக்கும் கட்டில் செய்கிறார். வலது கண்ணில் பார்வை பாதிதான் இருக்கிறது, பற்றவைத்த இடம் சரியாக வந்திருக்கிறதா என்று விரலால் தடவித்தான் பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறதடா. நான் சொன்னால் காதில் வாங்கமாட்டார், நீ ஒருத்தன் சொன்னால்தான் கேட்பார். கடையில் கட்டில் ஆர்டர் கொடுத்தாயிற்று, நீங்கள் செய்யவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு, நான் எழுதினேன் என்று மூச்சுவிடாதே.

தினமும் உனக்காக ஜெபமாலை சொல்கிறேன், மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றுவாள். இந்தச் சனிக்கிழமையே போன் செய், மறந்துவிடாதே. பொய் சொல்ல வருமா என்று யோசிக்காதே, நீ இட்டுக்கட்டுபவர் மகன், மைக்கிலேயே வாசித்தாயிற்று.

உன் பிரியமுள்ள அம்மா,
லூயிசா இக்னேஷியஸ்