வியாழக்கிழமை இறங்காதே

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் சுஜினுக்கு,

நானும் அப்பாவும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் ஒரு பொய்யைத் திருத்துவதற்காக எழுதும் கடிதத்தை இன்னொரு பொய்யில் தொடங்க வேண்டாம். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை கடலில் முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கப்போவதாகச் சொன்னாயே, இறங்காதே. அன்றைக்கு மட்டுமல்ல, ஒரு நல்ல டாக்டர் உன் நெஞ்சைப் பரிசோதிக்கும்வரை முழங்கால் தண்ணீரைத் தாண்டாதே. சின்ன வயதில் உனக்கு இழுப்பு இருந்தது. ஆஸ்துமாவேதான். நீ கேட்டபோது நான் இல்லை என்று சொன்னது பொய்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். உங்கள் தீவில் செல்போன் டவர் விழுந்து பத்து நாளாகிவிட்டது, உன் எண்ணுக்கு அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. உன்னோடு பவளப்பாறைக் கணக்கெடுப்பில் வேலை பார்க்கும் மேலப்பாளையத்து ஆரிப் லீவு முடிந்து நாளை கிளம்புகிறான். திங்கட்கிழமை கொச்சியில் கப்பல் ஏறினால் புதன்கிழமை காலையில் உன்னைப் பார்த்துவிடுவானாம். நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் ஒட்டி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

நீ கேட்ட அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. சேரன்மகாதேவியிலிருந்து டார்லின் வீட்டார் சம்பந்தம் பேச முதன்முதலாக நம் வீடு பார்க்க வந்திருந்தார்கள். முன்னறையில் அல்வாத் தட்டோடு எட்டுப் பேர். டார்லினின் பெரியம்மா தண்ணீர் கேட்டு அடுப்படி வாசலுக்கே வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து நீ போனில் கூப்பிட்டாய். ஏம்மா, சின்ன வயசுல எனக்கு இழுப்பு கிழுப்பு இருந்துச்சா, டாக்டர் ஃபாரத்துல எழுதணும்னு கேக்காரு என்றாய். பெரியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கென்னலே, எருமக்கடா கணக்கா வளந்தே, ஒரு நோயும் கெடையாது என்று அவருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். நீ 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய்.

உனக்கு ஞாபகம் இல்லாததும் என் வேலைதான். நாலு வயதில் தொடங்கி ஒன்பது வயதுவரை, ஐப்பசி வந்தால் போதும், உன் நெஞ்சு விசில் அடிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று தடவை படுக்க வைத்து மூக்கில் மருந்துப் புகை பிடித்தார்கள். இந்த வீட்டில் அதற்குப் பெயர் சளி. பக்கத்து வீட்டுக்கும் சளி, பள்ளிக்கூடத்துக்கும் சளி, உனக்கும் சளி. இழுப்பு என்ற சொல்லால்தான் உன் அத்தைக்கு வந்த வரன் எல்லாம் தட்டிப்போனது. கடைசிவரை அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்தச் சொல் என் பிள்ளை மேல் ஒட்டக்கூடாது என்று நினைத்தேன். பிறப்பு இறப்புப் பதிவில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று ஊரையே அதட்டினவள் நான். என் வீட்டு விஷயத்தில் எனக்கு அந்த யோக்கியதை இல்லாமல் போயிற்று.

போன வியாழக்கிழமை ஆரிப் வந்திருந்தான். நீங்கள் கடலுக்கடியில் எடுத்த வீடியோவை அவன் போனில் காட்டினான். எவ்வளவு அழகு, சுஜின்! கல் என்று நான் நினைத்தது முழுக்க உயிராம். ஒன்று மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது, இன்னொன்று மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருந்தது. கிளிமீன் ஒன்று பவளத்தைக் கடிக்கிற சத்தம்கூட நறுக் நறுக்கென்று கேட்டது. கடல் சாமந்திக்குள் ஆரஞ்சு நிறத்தில் சின்ன மீன் புகுந்து புகுந்து வந்தது. சில இடத்தில் பவளம் சூடு தாங்காமல் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது, அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நடுவில் நீ. அளவு நாடாவை விரித்து வைத்துக்கொண்டு, எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாய். வகுப்பில் அஞ்சு நிமிஷம் அடங்கி உட்காராத பிள்ளை அங்கே ஆடாமல் அசையாமல் மிதக்கிறாய். ஒரு ஆமை உன் முதுகுக்குப் பின்னால் போனதுகூட உனக்குத் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான், மூச்சுக்கு ஒன்றும் பயமில்லையே என்று பேச்சுக்குக் கேட்டேன். ஆரிப் விளக்கமாகவே சொன்னான். மேல ஏறும்போது மூச்சப் பிடிக்கவே கூடாதும்மா, நெஞ்சுக்குள்ள இருக்க காத்து பெருசாயிட்டே வரும், வெளிய விட்டுக்கிட்டே பைய பைய ஏறணும் என்றான். இழுப்பு உள்ளவங்களுக்குக் காத்து உள்ளேயே மாட்டிக்கிடும், நுரையீரல் கிழிஞ்சிரும், அதனாலதான் டாக்டர் கேட்டு எழுதுதாரு என்றான். முப்பது மீட்டரில் மூச்சு இழுப்பதே கனமாக இருக்குமாம். அங்கே நெஞ்சு அடைத்தால் சட்டென்று மேலே வரவும் முடியாதாம். நம்ம சுஜினுக்கு அந்தக் கவலை இல்ல என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தான். மறுபடி அந்த வீடியோவைப் போடச் சொன்னேன். இந்தத் தடவை மீனையும் பார்க்கவில்லை, ஆமையையும் பார்க்கவில்லை. உன் வாயிலிருந்து போகும் குமிழிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டவர் விழுவதற்கு முந்தின நாள் நீ சொன்னாய், ரெண்டு நாளா காலைல நெஞ்சு இறுக்கமா இருக்கு, சிலிண்டர் காத்து காஞ்ச காத்துல்லா, அதனாலதான் என்று. அந்த இறுக்கம் எனக்குத் தெரியும், ஐயா. அதை அஞ்சு வருஷம் என் மடியில் வைத்திருந்தவள் நான்.

நேற்று உங்கள் கொச்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். படகில் இருக்கும் சாட்டிலைட் போனுக்குச் செய்தி சொல்லலாம், என்ன விஷயம் என்று ஒரு பெண் கேட்டாள். சொன்னால் உன் வேலை போகும். சேரன்மகாதேவிக்கும் எட்டும். சும்மா, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பாவும், ஏட்டி, கோயில்ல மூணாம் கல்யாண ஓலையும் வாசிச்சு முடியட்டும், அவனுக்கு மட்டும் இப்போ எழுது, மத்தவங்களுக்குப் பொறவு சொல்லிக்கிடலாம் என்கிறார். அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஏதாவது காரணம் சொல்லி விலகிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

இன்று கோயிலில் உங்கள் ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தார்கள். சுஜினுக்கும் டார்லினுக்கும் நடக்க இருக்கும் திருமணத்துக்குத் தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் சொன்னதும், முன் பெஞ்சிலிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நோய் ஒரு தடை இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆரிப். காற்று பலமாக இருப்பதால் நாளைக் கப்பல் கிடையாது, புதன்கிழமைதானாம். அப்படியென்றால் வெள்ளிக்கிழமைதான் அவன் உன்னிடம் வருவான். நீ வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இறங்குகிறாய்.

வாசலில் நின்றபடியே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போயிற்று. தண்ணீருக்குள் உனக்கு ஜோடி அவன்தானாமே. அவன் வராவிட்டால் வேறு ஆளோடு உன்னை இறக்கிவிடுவார்களாம். மூணு நாளா இந்த வீட்டுக்கு வந்து போயிட்டிருக்கேன், அன்னைக்கே சொல்லக்கூடாதாம்மா என்று கேட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டான். உங்கள் அதிகாரிக்கு அடித்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டு, அதிகாரி போன் அணைந்து கிடக்கிறது. நாளை ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். நாளை நானே பேசப்போகிறேன். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் டார்லின் வீட்டுக்குத் தெரிய வேண்டும், அதனால் இப்போது சேரன்மகாதேவிக்குப் போகிறேன். அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை, சாயங்காலம்.

அப்பா வரமாட்டேன் என்று சொன்னதாக எழுதினேன் அல்லவா. பஸ் புறப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தால் பின் வாசலில் ஏறி நிற்கிறார், செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு. அங்கே போனதும், பேச்சை முதலில் எடுத்தது அவர்தான்.

டார்லினின் அப்பா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பெரியம்மா மட்டும், நான் பக்கத்துல நின்னதுக்காகவா பிள்ளை உயிர வெச்சு வெளையாடுனீங்க என்று கேட்டார். கல்யாணத்தைப் பற்றிக் குடும்பத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். டார்லின் கதவருகே நின்றாள். அத்தை, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு எறங்குதாங்க என்று ஒன்றுதான் கேட்டாள்.

இன்று காலை முதல் பஸ்ஸில் அவள் இங்கே வந்துவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு. நிச்சயம் செய்த பெண் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாக வருவதை அவள் அப்பா எப்படி அனுமதித்தார் என்று நான் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு அலுவலகத்துக்கு அடித்தேன். அதே பெண்தான் எடுத்தாள். மகன் சாப்பிட்டானா என்று கேட்கவா அம்மா என்று சிரித்தாள். எழுதிக்கொள் பிள்ளை என்றேன். உன் பெயர், வயது, நோயின் பெயர், எந்த வயதிலிருந்து எந்த வயதுவரை, எத்தனை தடவை ஆஸ்பத்திரி, மறைத்தது யார், தாயார் தேவமணி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அதிகாரி மரியாதையாகவே பேசினார். தெரிந்த பிறகு உன்னை இனி இறக்க முடியாது, தவறான சான்றிதழுக்கு விசாரணை உண்டு, வேலைக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். படகுக்குச் செய்தி சொல்லிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். பதினொரு மணிக்குக் கூப்பிட்டார், காற்றில் படகு இடம் மாறி நிற்கிறது, போன் எடுக்கவில்லையாம். இரண்டு மணிக்கும் அதே பதில். நாலு மணிக்கும் அதே பதில். டார்லின் மணிக்கொரு தடவை அவர்களுக்கு அடிக்கிறாள். இந்த வீட்டில் யாரும் இன்னும் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை.

ஆரிப் வாசலில் நிற்கிறான். படகிலிருந்து இன்னும் பதில் இல்லை. கடிதத்தை மூடுகிறேன்.

முதல் பக்கத்தில் வியாழக்கிழமை இறங்காதே என்று எழுதியதை அடிக்கவில்லை. இது வெள்ளிக்கிழமைதான் உன்னிடம் வரும் என்று தெரிந்தும் அடிக்க மனசு வரவில்லை. நாளைக்குள் படகுக்காரர் போனை எடுத்துவிடுவார் என்று அப்பா சொல்கிறார். சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

சுஜின், இந்த வரியை நீயே படிக்கிறாய் என்றால் வியாழக்கிழமை கழிந்துவிட்டது. கர்த்தர் உன்னை எனக்குத் திருப்பித் தந்துவிட்டார். உனக்கு வேலை இல்லாமல் போயிருக்கலாம், கல்யாணமும் நிச்சயமில்லை. இரண்டையும் கெடுத்தது உன் அம்மா. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கேட்கவும் போவதில்லை. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, ஐயா. ஆரிப்பை எழுதச் சொல்லாதே. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டு, என்ன வார்த்தை வேண்டுமானாலும் போடு. கையெழுத்து மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்.

உன் அம்மா,
தேவமணி.