இடுப்பளவுச் சுவரும் பன்னிரண்டடித் தண்ணீரும்

என் அன்புத் தம்பி சுந்தரத்துக்கு,

மட்டாஞ்சேரியில் நீ மேற்பார்வை பார்த்த இஞ்சிக் கிடங்கின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு புகார் எழுதியிருக்கிறேன். அதில் அவர்கள்மேல் எழுதியுள்ள குற்றங்களை முதலில் நீ கேள்.

1. ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய வாரம்: லாரி நிற்க இடம் வேண்டுமென்று, முற்றத்திலிருந்த இடுப்பளவு ஆழமுள்ள அகலத் தொட்டியை இடித்தீர்கள். பின்பக்கச் சந்தில் இரண்டடி அகலம், பன்னிரண்டடி உயரத்தில் புதியது எழுப்பத் தொடங்கினீர்கள். சுவரின் கனத்தை மட்டும் மாற்றவில்லை.

2. பிப்ரவரி, முதல் திங்கள்: அதை முதன்முறையாக நிரப்பச் சொன்னீர்கள். அடிச்சுவர் பிளந்து என் தம்பியின் மேல் விழுந்தது.

3. பிப்ரவரி, கடைசி வாரம்: "இவ்வளவு கொஞ்சத் தண்ணீர் தானாகச் சுவரை உடைக்காது, இறந்தவர் ஏணியை மோதியதே காரணம்" என்று அறிக்கை தந்தீர்கள்.

4. மீண்டும் அதே ஜனவரி, பொங்கலன்று: ஆலோசனை கேட்கப்பட்ட இயற்பியல் ஆசிரியர் தொட்டியின் உயரத்தைக் கேட்கவில்லை. அந்த ஆசிரியர் நான்.

உனக்கு நினைவிருக்கும். "அண்ணா, புதுத் தொட்டியில பழையதுல பாதித் தண்ணிதான் பிடிக்கும். அதே சுவர் போதும்ங்கறாரு மேஸ்திரி. போதுமா?" நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பாதின்னா தாராளமா போதும்டா" என்றேன். ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை?

முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருவது இதுதான்: தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது சுவருக்குத் தெரியாது. எவ்வளவு ஆழம் என்பதே தெரியும். ஆழம் நான்கு மடங்கானால் அடியில் அழுத்தமும் நான்கு மடங்கு. சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தின் மீதும் விழும் மொத்தத் தள்ளுவிசையோ பதினாறு மடங்கு. தொட்டி இரண்டடி அகலமா, இருபதடியா என்பது இந்தக் கணக்கிலேயே வராது.

சென்ற வாரம் குழுவின் முன் ஒரு பெரிய வாளியையும் விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயையும் வைத்து, இரண்டின் அடிப்பகுதியையும் ரப்பர் குழாயால் இணைத்தேன். வாளியை நிரப்பினேன். குழாயிலும் அதே மட்டத்துக்கு ஏறி நின்றது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "இதென்ன சாரே, வாளியிலே இத்தனை வெள்ளம் தள்ளியிட்டும் குழாய்த் தண்ணி வெளியே துள்ளிச் சாடல்லே?"

"ஆழம் ஒன்று. அதனால் அழுத்தமும் ஒன்று. வாளிக்குக் கூடுதல் பலம் கிடையாது."

"அப்போ நம்ம தொட்டி?" என்றவர், பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குழுத் தலைவர் சாயாக் குவளையை நகர்த்தி வைத்தார். "சங்கதி மனசிலாச்சு மாஷே. பக்ஷே ரிப்போர்ட்ல எல்லாரும் கையொப்பிட்டாச்சு. இனி திருத்தினா எங்களுக்கல்லே நாணக்கேடு?"

சுந்தரம், நான் குரலை உயர்த்தவில்லை. வாளியைக் கவிழ்த்துத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த அறிக்கை மலையாளத்தில் இருந்தது. வீட்டில் அதைத் தடங்கலின்றி வாசிக்கக்கூடியவள் உன் மகள் ஒருத்திதான். அவளையே உரக்க வாசிக்கச் சொன்னோம். தன் அப்பாவைப் பற்றிய வாக்கியத்தையும் ஒரே சீராக வாசித்து முடித்துவிட்டு, "அது சத்யமா பெரியப்பா?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலை அவர்கள் எழுதித் தரவேண்டும். உன்மேல் சுமத்திய வாக்கியத்தை நீக்கி, சுவரின் கனம் போதாமையே காரணம் என்று திருத்தி, அத்தனை பேரும் கையெழுத்திட்ட பதில் அடுத்த மாதம் பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் பதினொன்றாம் தேதி காலை வழக்குத் தொடுப்பேன். முதல் சாட்சியாக நானே கூண்டேறி, நான்காவது குற்றத்திலிருந்து தொடங்குவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் கேள்விக்குச் சரியான விடையைப் பிந்திச் சொல்லும்
உன் அண்ணன்,
ராகவன்