மூன்று பேருக்கு எழுதிய மனு

இன்று மாலை கடற்கரைச் சாலையில் பெத்தாங்க் ஆட்டத்தின் இரும்புக் குண்டுகள் மோதும் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பழைய சொல்தாக்கள், தரையில் கிடந்த சிறு மரக்குண்டைக் குறிவைத்துக் குண்டு எறிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் மறுபடியும் அதிபர் தேர்தல் முடிந்திருக்கிறது. உள்துறை யாருக்கு, நீதித்துறை யாருக்கு என்று அதே சண்டை. உங்கள் குரல் மட்டும் இல்லை, மாமா.

போன தேர்தலின்போது நான் பிரெஞ்சில் பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். ஆலைத் தொழிலாளியின் மகள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். நான்கு பேர் எதிரில் எனக்கு வாய் திறக்க வராது. அடுத்த வீட்டிலிருந்த நீங்கள், நாலைந்து நாள் பிந்தி வரும் பிரெஞ்சுப் பத்திரிகையை நீட்டி, "கண்ணு மங்கிப்போச்சு, நீ படிம்மா" என்பீர்கள். யாருக்கு எந்தத் துறை கிடைக்கலாம் என்ற ஊகங்களை நான் படிக்க, காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொள்வீர்கள்.

உங்கள் நண்பர்களுக்கு அது பொழுதுபோக்கு. "என் மந்திரிதான் கிட்ட நிக்கிறான் பாரு. உன் ஆளு கடலுக்கே போயிட்டான்யா" என்று எறிந்த குண்டைக் காட்டிச் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்ததில்லை. நீதி அமைச்சர் யார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அவர் வந்து உட்காரும்போதே, மற்ற மனுக்கள் குவியும் முன், உங்கள் மனு அவர் பெயருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மனு உங்கள் மகள் தெரேஸ் அக்காவுக்காக. பிரான்ஸ் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நீங்களும் அத்தையும் கையெழுத்திட்டீர்கள். பிள்ளைகளுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டீர்கள். மகன்கள் சிறுவர்கள், அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மூத்தவரான அக்காவுக்கோ அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. அவரே கையெழுத்திட்டிருக்க வேண்டும். இடாததால் அவருக்கு மட்டும் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமல் போனது. அத்தையும் மகன்களும் பிரான்சுக்குப் போனார்கள். மகளைத் தனியாக விட மனமில்லாமல் நீங்கள் இங்கேயே தங்கிவிட்டீர்கள்.

பத்திரிகையில் மூன்று பெயர்கள் அடிபட்டன. "மூணு பேருக்கும் எழுதிடு. ஒருத்தன் ஆவான்ல" என்றீர்கள். இன்னும் அமைச்சர் ஆகாத மூவரையும் மாண்புமிகு அமைச்சர் என்று விளித்து எழுதினேன். நீங்கள் பேனாவை எடுத்தீர்கள். எனக்குள் ஏதோ உறுத்தியது, சொல்லத் துணிவில்லை. அக்கா தையல் மிஷினை நிறுத்தினார்.

"இப்பவும் நீங்களேதான் போடப்போறீங்களாப்பா?"

"உனக்காவத்தானம்மா போடறேன்."

"அன்னைக்கும் என்னைக் கேக்கல. இன்னைக்கும் கேக்கல. படிச்ச பொண்ண வேற பக்கத்துல ஒக்கார வச்சிருக்கீங்க."

அந்தச் சொல் என்மேலும் விழுந்தது. நானும்தான் அக்காவைக் கேட்காமல் மூன்று முறை எழுதியிருந்தேன்.

 நீங்கள் பேனாவை அவர் பக்கம் தள்ளினீர்கள். "சரி, இப்ப கேக்கறேன். போறியா, இருக்கியா?"

"அம்மாவப் பாக்கணும். அங்கேயே இருப்பனான்னு தெரியல. உரிமை இருக்கட்டும், முடிவ நான் பண்ணிக்கறேன். அத அப்படியே எழுதச் சொல்லுங்க."

மூன்றையும் கிழித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினேன். யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். "எவன் பேரும் வேணாம்" என்றார் அக்கா. "எவன் வந்தாலும் படிக்கட்டும்." அவரே கையெழுத்திட்டார். அந்த மாதமே ரேடியோவில் அமைச்சர் பட்டியல் சொன்னார்கள். நாம் ஊகித்த மூவரில் ஒருவர்கூட நீதி அமைச்சர் ஆகவில்லை. அன்றுதான் நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

பதில் வர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். உறை அக்கா பெயருக்கு வந்தது, கேட்டது கிடைத்தது. போய் அத்தையுடன் ஆறு மாதம் இருந்துவிட்டு, "குளிர் தாங்கல" என்று திரும்பி வந்துவிட்டார்.

நான் இப்போது உப்பளம் பகுதியில் ஓர் அலுவலகத்தில் மனு வாங்கும் இடத்தில் உட்கார்கிறேன். "வீட்ல அவங்களுக்கும் சேத்து நானே போட்டுடறேம்மா" என்று வாரத்துக்கு ஒருவராவது பேனாவை எடுக்கிறார். எனக்குக் குரல் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: "அவங்களையே வரச் சொல்லுங்க சார். சாயங்காலம் வரைக்கும் நான் இருப்பேன்."